லைபோசக்ஷன்: டாக்டரைத் தேடும் முன் வீட்டில் படுக்கப்போகும் நாட்களை யோசியுங்கள்

லைபோசக்ஷன் என்பது தோலில் சின்னத் துளை போட்டு, குழாய் விட்டு, அடியில் இருக்கும் கொழுப்பை உறிஞ்சி எடுக்கும் ஆபரேஷன். அதைப் பற்றி விசாரிக்க வருகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "சிஸ்டர், எவ்வளவு ஆகும்?" அடுத்தது, "எத்தனை நாளில் வேலைக்குப் போகலாம்?" எந்த டாக்டர் என்பதை அதற்குள் முடிவு செய்திருப்பார்கள். இன்ஸ்டாவில் ஒரு வீடியோ பார்த்திருப்பார்கள், இல்லையென்றால் கல்யாண வீட்டில் யாராவது ஒரு பெயர் சொல்லியிருப்பார்கள்.

நான் அய்யம்பேட்டைக்காரி. முதலில் திருச்சியிலும் இப்போது தஞ்சாவூரிலும் தனியார் மருத்துவமனைகளில், பிளாஸ்டிக் சர்ஜரி முடிந்து வார்டுக்கு வருகிறவர்களைப் பார்த்துக்கொள்ளும் நர்ஸாக இருக்கிறேன். தியேட்டருக்குள் நடப்பது சில மணி நேரம்தான். அதற்கப்புறம் ஆறு வாரம் நீங்களும் உங்கள் வீட்டுக்காரர்களும்தான் அந்த உடம்பைப் பார்த்துக்கொள்ள வேண்டும். அதனால் டாக்டரைத் தேர்ந்தெடுக்கும்போது, நன்றாக ஆபரேஷன் செய்வாரா என்பதோடு இன்னொன்றையும் பாருங்கள்: நான்காம் நாள் ராத்திரி காய்ச்சல் வந்தால் போனை எடுப்பாரா, நான் போய்ச் சேரக்கூடிய தூரத்தில் இருக்கிறாரா? டெல்டாக்காரர்களுக்கு இந்தக் கேள்வி ரொம்ப முக்கியம். வேதாரண்யத்திலிருந்தோ முத்துப்பேட்டையிலிருந்தோ பஸ்ஸில் திருச்சிக்கு வந்து சேர்வதற்கே பாதி நாள் போய்விடும். சென்னை, கோயம்புத்தூர் என்றால் சொல்லவே வேண்டாம்.

ஆகவே வழக்கமான வரிசையை மாற்றி, வீட்டுக்கு வந்தபின் என்ன நடக்கும் என்பதை முதலில் சொல்கிறேன். அது தெரிந்துவிட்டால் டாக்டரிடம் எதைக் கேட்க வேண்டும் என்பது தானாகப் பிடிபடும்.

அதற்கு முன்னால், இது உங்களுக்குத் தேவைதானா?

லைபோசக்ஷன் எடை குறைக்கும் வைத்தியம் இல்லை. சாப்பாட்டைக் குறைத்து, நடந்து, எடை ஓரளவு சரியாக வந்த பிறகும் இடுப்பிலோ தொடையிலோ தாடைக்குக் கீழேயோ கரையாமல் நிற்கும் கொழுப்பை எடுப்பதற்கானது. நேராக நின்று வயிற்றை விரலால் பிடித்துப் பாருங்கள். பிடிபடுகிறதே, அது தோலுக்கு அடியில் இருக்கும் கொழுப்பு. அதை மட்டும்தான் எடுக்க முடியும். நாற்பது வயதைத் தாண்டிய ஆண்கள் பலருக்கு வயிறு முன்னால் தள்ளி, தொட்டால் கெட்டியாக இருக்கும். அந்தக் கொழுப்பு குடலைச் சுற்றி உள்ளே இருக்கிறது. எந்த ஊசியும் குழாயும் அங்கே போகாது, போகவும் கூடாது. சர்க்கரையோ பிரஷரோ இந்த ஆபரேஷனால் குறையும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

இரண்டு மூன்று பிரசவத்துக்குப் பிறகு வயிற்றுத் தோல் தொங்கி, தசை விலகிப்போனவர்களுக்குக் கொழுப்பை மட்டும் எடுத்தால் தோல் இன்னும் தொங்கும். அவர்களுக்கு வேறு ஆபரேஷன். குழந்தை பெற்றுக்கொள்ளும் எண்ணம் இருந்தால் அதை முடித்துவிட்டு வாருங்கள். மார்பு பெருத்துப்போய் ஆற்றில் குளிக்கும்போதுகூட சட்டையைக் கழற்றாத பையன்கள் நிறையப் பேர் வருகிறார்கள். அவர்களைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே மனசு கஷ்டப்படும்; ஒருவரிடமும் சொல்லாமல் வருஷக்கணக்கில் அடக்கி வைத்திருப்பார்கள். தம்பி, அது கொழுப்பா, சுரப்பியா, இரண்டும் சேர்ந்ததா என்று முதலில் பார்க்க வேண்டும். சுரப்பி இருந்தால் உறிஞ்சினால் மட்டும் போதாது, வெட்டி எடுக்கவும் வேண்டும். சில மாத்திரைகளாலும் ஜிம்மில் போடும் ஹார்மோன் ஊசிகளாலும் அது வருவதுண்டு. எதுவாக இருந்தாலும் டாக்டரிடம் மறைக்காதே.

முதல் ராத்திரி

கொழுப்பை எடுப்பதற்கு முன் அந்த இடம் முழுக்க ஒரு கரைசலை ஏற்றுவார்கள். சலைன், மரத்துப்போக லிக்னோகெய்ன், ரத்தக்கசிவைக் குறைக்க அட்ரினலின், பெரும்பாலும் கொஞ்சம் சோடியம் பைகார்பனேட். 1980-களில் ஜெஃப்ரி கிளைன் என்ற அமெரிக்கத் தோல் மருத்துவர் கொண்டுவந்த டியூமசென்ட் முறை இது. அதற்கு முன்னால் கொழுப்போடு ரத்தமும் நிறையப் போகும். இந்த முறையால்தான் ஆபரேஷன் ஓரளவு பாதுகாப்பானது.

ஏற்றிய கரைசலில் ஒரு பகுதி உள்ளேயே தங்கும். துளை போட்ட இடங்கள் வழியாக அது ஒரு நாள், இரண்டு நாள் வெளியே கசிந்துகொண்டே இருக்கும். ரத்தம் கலந்து இளஞ்சிவப்பாக, தண்ணியாக இருக்கும். கட்டு நனைந்து, நைட்டி நனைந்து, மெத்தைவரை போகும். யாரும் முன்கூட்டிச் சொல்லாததால் வீட்டில் அலறிவிடுகிறார்கள். கசிவது நல்லதுதான்; உள்ளே தங்கினால்தான் வீக்கம் கூடும். கட்டிலில் ரப்பர் ஷீட் விரித்து, அதன்மேல் பழைய வேட்டியை நாலாக மடித்துப் போடுங்கள். பிரசவத்துக்குப் பயன்படுத்தும் பெரிய பேட் மெடிக்கலில் கிடைக்கும், ஒரு பாக்கெட் வாங்கி வையுங்கள். பாத்ரூமுக்குப் போகும் வழியில் தரையிலும் சொட்டும். வழுக்கி விழாமல் ஒரு துண்டு போட்டு வையுங்கள். கசிவு தண்ணியாக இல்லாமல் கெட்டியான சிவப்பு ரத்தமாக வந்தால், அல்லது கட்டு மாற்ற மாற்ற நனைந்துகொண்டே இருந்தால், விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே போன் செய்யுங்கள்.

இன்னொன்று, இது பலருக்குத் தெரியாது. அந்த லிக்னோகெய்ன் உடம்பில் மெதுவாகத்தான் ஊறும். ரத்தத்தில் அதன் அளவு உச்சத்துக்குப் போவது ஆபரேஷன் முடிந்து ஏறக்குறைய 12 மணி நேரம் கழித்து. காலையில் செய்துகொண்டு சாயங்காலம் வீடு திரும்பியவருக்கு அந்த நேரம் ராத்திரி படுக்கையில் வரும். அளவு மிஞ்சியிருந்தால் உதடும் நாக்கும் மரத்துப்போகும், வாயில் உலோக ருசி அடிக்கும், காதில் ரீங்காரம் கேட்கும், தலை சுற்றும், கைகால் வெட்டி இழுக்கும். இதில் எது வந்தாலும் நேராக ஆஸ்பத்திரிதான். கிராமத்திலிருந்து வருகிறவர்களுக்கு நான் சொல்வது: கூடச் செலவானாலும் அன்று ராத்திரி மருத்துவமனையிலேயே தங்குங்கள்.

படர்தாமரைக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இங்கே கவனிக்க வேண்டும். நம் ஊர் வெக்கைக்கும் ஈரத்துக்கும் தொடையிடுக்கில் படர்தாமரை வராத வீடு குறைவு. மெடிக்கலில் கேட்டு இட்ராகொனசோல் வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டே இருப்பார்கள், அதை மாத்திரை என்று கணக்கிலேயே எடுக்க மாட்டார்கள். அந்த மருந்தும் எரித்ரோமைசின் போன்ற சில ஆன்டிபயாட்டிக்குகளும் லிக்னோகெய்னை உடம்பு வெளியேற்றுவதைத் தாமதப்படுத்தும். அதனால் வீட்டில் இருக்கிற எல்லா மாத்திரை அட்டைகளையும், லேகியம் சூரணம் உட்பட, ஒரு பையில் போட்டு டாக்டர் மேஜையில் கொட்டிவிடுங்கள்.

கார்மென்ட்

தியேட்டரிலேயே கம்ப்ரெஷன் கார்மென்ட் என்கிற, உடம்போடு ஒட்டி அழுத்தும் இறுக்கமான உடுப்பு ஒன்றை மாட்டிவிடுவார்கள். 3 முதல் 6 வாரம்வரை, முதலில் குளிக்கும் நேரம் தவிர ராப்பகலாக, டாக்டர் சொல்கிற கணக்குப்படி போட வேண்டும். கொழுப்பு போன இடத்தில் நீர் கட்டாமல் தோல் உள்ளே ஒட்டுவதற்கு இது உதவும். பாதிப்பேர் இதில்தான் சோர்ந்துபோகிறார்கள்.

முதல் முறை இதைக் கழற்றும் நேரம்தான் எனக்குப் பயமான நேரம். எத்தனையாவது நாள் கழற்றலாம் என்று டாக்டர் சொல்வார். இறுக்கம் திடீரென்று தளர்ந்ததும் ரத்தம் கீழே இறங்கி, கண் இருட்டிக்கொண்டு வந்து சாய்ந்துவிடுவார்கள். பாத்ரூமில் தனியாக நின்று கழற்றி, தாழ்ப்பாளும் போட்டிருந்தால் என்ன ஆகும்? அதனால் இப்படிச் செய்யுங்கள். கழற்றுவதற்கு முன் ஏதாவது சாப்பிட்டு, ஒரு டம்ளர் தண்ணீர் குடியுங்கள். கட்டிலில் உட்கார்ந்து, இல்லை படுத்தே, பக்கத்தில் ஒருவரை வைத்துக்கொண்டு ஜிப்பை ஒரேயடியாக இறக்காமல் கொஞ்சம் கொஞ்சமாக இறக்குங்கள். பாதியில் இரண்டு நிமிஷம் நிறுத்தி மூச்சு விடுங்கள். முழுதும் கழற்றியதும் எழுந்து நிற்காமல் காலைத் தொங்கப்போட்டு உட்காருங்கள். அப்புறம் பாத்ரூமில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, உட்கார்ந்தபடியே குளியுங்கள். கதவைத் தாழ்ப்பாள் போட வேண்டாம். தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தால் போதும், சுடுதண்ணீர் வேண்டாம். சூட்டிலும் மயக்கம் வரும்.

திரும்ப மாட்டும்போது துணி எங்கேயும் மடிப்பு விழாமல் கையால் தடவி விடுங்கள். ஒரே இடத்தில் மடிப்பு அழுத்திக்கொண்டே இருந்தால் தோலில் பள்ளமாகப் பதிந்து, அப்படியே நின்றுவிடவும் கூடும். உட்கார்ந்து எழும்போதெல்லாம் இடுப்பில் சுருண்டிருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள். அதற்காக ஒரு சைஸ் சின்னதாக வாங்கி இறுக்கக் கூடாது. கால் விரல் மரத்து நீலமாகிறது, மூச்சு முட்டுகிறது என்றால் தளர்த்திவிட்டு டாக்டரைக் கூப்பிடுங்கள்.

இரண்டு செட் கட்டாயம் வேண்டும், ஒன்று உடம்பில், ஒன்று கொடியில். சோப்புத் தண்ணீரில் கையால் அலசி நிழலில் காயப்போடுங்கள். வெயிலில் போட்டாலும் மெஷினில் சுற்றினாலும் எலாஸ்டிக் தளர்ந்துவிடும்.

மாதத்தையும் யோசித்துக்கொள்ளுங்கள். கல்லூரி விடுமுறை என்று மே மாதம் தேதி வாங்குகிறார்கள். அக்னி நட்சத்திர வெயிலில், கரண்ட் போன வீட்டில், இந்தக் கார்மென்டுக்குள் இருப்பது சித்திரவதை. வேர்க்குரு வந்து, சொறிந்து, புண்ணாகி, கடைசியில் கழற்றி எறிந்துவிடுவார்கள். மார்கழி, தை, மாசி நல்ல மாதங்கள். ஆனால் வயல் இருக்கிறவர்களுக்குத் தையில் சம்பா அறுப்பு இருக்கும். வீட்டில் பார்த்துக்கொள்கிற ஆள் களத்தில் நிற்க வேண்டியிருந்தால் மாசிக்குத் தள்ளிப்போடுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் வெயில் இருக்காதுதான். ஆனால் புயல் வந்து ரோடு அடைத்துக்கொண்டால் ஆஸ்பத்திரிக்கு எப்படிப் போவது? 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது பட்டுக்கோட்டை, வேதாரண்யம் பக்கமெல்லாம் எத்தனை நாள் கரண்டும் வழியும் இல்லாமல் கிடந்தார்கள் என்பது நமக்குத் தெரியும்.

நடை, சாப்பாடு, மற்றவை

அன்று சாயங்காலமே கையைப் பிடித்து நடக்க வைப்போம். வலிக்கிறதே என்று திட்டுவார்கள். காலில் ரத்தம் கட்டாமல் இருக்க வேறு வழியில்லை. வீட்டிலும் விழித்திருக்கும் நேரத்தில் அவ்வப்போது எழுந்து முற்றத்தில் நாலு நடை நடங்கள். படுத்திருக்கும்போது பாதத்தை மேலும் கீழும் ஆட்டுங்கள். சென்னையில் செய்துகொண்டு மறுநாளே உழவன் எக்ஸ்பிரஸில் மேல் பெர்த்தில் ஏறிப் படுத்து ஊருக்கு வருவதெல்லாம் கூடவே கூடாது. ஏறுவது ஒரு ஆபத்து, ராத்திரி முழுக்க அசையாமல் கிடப்பது இன்னொரு ஆபத்து. பக்கத்திலேயே தங்கி முதல் செக்கப்பை முடித்துவிட்டு, டாக்டர் சரி என்ற பிறகு கிளம்புங்கள்.

பத்தியம் என்று சொல்லி ரசஞ்சோறு மட்டும் கொடுப்பது நம் பக்கத்தில் பெரிய வழக்கம். புண் ஆறுவதற்குப் புரதம் வேண்டும். முட்டை, மீன், பருப்பு, பச்சைப்பயறு, மோர் எல்லாம் கொடுங்கள். குறைக்க வேண்டியது உப்பு. ஊறுகாய், கருவாடு, அப்பளம், வடகம் எல்லாம் வீக்கத்தைக் கூட்டும். வலி மாத்திரை மலச்சிக்கல் உண்டாக்கும், கார்மென்டோடு முக்குவது பெரிய அவஸ்தை. தினம் ஒரு பூவன் பழமும் நிறையத் தண்ணீரும் நல்லது. கால் மடக்கி உட்கார முடியாது என்பதால் இந்தியன் டாய்லெட் மட்டும் இருக்கிற வீடுகளில் ஓட்டை போட்ட நாற்காலி ஒன்றை வாடகைக்கு எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்காரர்கள் மறந்துபோகிற முதல் பொருள் அதுதான்.

ஆபரேஷன் செய்த இடம் பல வாரம், சில சமயம் மாதக்கணக்கில் மரத்திருக்கும். ஒத்தடம் கொடுக்கிறேன் என்று பாட்டிமார்கள் சுடுதண்ணீர்ப் பையை வைத்துவிடுவார்கள். சூடு தெரியாததால் தோல் வெந்து கொப்புளமாகும்வரை அவர்களுக்குத் தெரியாது. ஐஸும் அப்படித்தான். டாக்டர் சொல்லாமல் இரண்டும் வேண்டாம். தையல் மேல் மஞ்சள் அப்பாதீர்கள், எண்ணெய் தேய்த்துக் குளிப்பதைத் தள்ளிப்போடுங்கள். குளம், ஆறு, வாய்க்கால், பம்புசெட் தொட்டி எதிலும் துளைகள் முழுக்க மூடி டாக்டர் அனுமதிக்கும்வரை இறங்கக் கூடாது. ஆடிப்பெருக்கு வந்தாலும் கரையில் நின்று கும்பிட்டுக்கொள்ளுங்கள்.

உட்கார்ந்து பார்க்கும் வேலைக்கு ஒரு வாரம், பத்து நாளில் போகலாம். தண்ணீர்க் குடம், சிலிண்டர், நெல் மூட்டை, நாற்று நடவு, ஜிம் எல்லாம் நாலு முதல் ஆறு வாரம் கழித்துத்தான். வலி மாத்திரையை நிறுத்தி, சடாரென்று பிரேக் போடும் அளவுக்கு உடம்பு வந்த பிறகு வண்டி ஓட்டுங்கள்.

மூன்றாம் நாள், நான்காம் நாள் பலர் அழுவார்கள். வீங்கி, கன்றி, நீலம் பாரித்துக் கிடக்கும். எடை பார்த்தால் முன்பைவிடக் கூட இருக்கும், உள்ளே ஏற்றிய நீர் அது. "பணத்தைக் கொடுத்து உடம்பைக் கெடுத்துக்கொண்டேன்" என்பார்கள். எடை மெஷினை அந்தப் பக்கம் நகர்த்தி வையுங்கள். நீலம் இரண்டு மூன்று வாரத்தில் போகும். வீக்கம் பெரும்பாலும் ஆறு வாரத்தில் குறையும், முழு வடிவம் தெரிய 3 முதல் 6 மாதம் ஆகும். நடுவில் கட்டி கட்டியாக, கெட்டியாகத் தட்டுப்படுவது பெரும்பாலும் தானே இளகும். ஆனால் ஒரு இடம் மட்டும் உப்பி, தட்டினால் உள்ளே தண்ணீர் அசைவதுபோல இருந்தால் நீர் கட்டியிருக்கலாம். டாக்டர் ஊசி வைத்து எடுத்துவிடுவார். வீட்டில் அழுத்திப் பிதுக்க வேண்டாம்.

தாமதிக்கக் கூடாதவை

மூச்சு வாங்குதல், நெஞ்சு வலி, ஒரு காலின் கெண்டைச்சதை மட்டும் வீங்கி வலித்தல், குழப்பமாகப் பேசுதல், நாளுக்கு நாள் கூடுகிற வயிற்று வலியோடு வாந்தி, குளிர்க்காய்ச்சல், தோல் கறுத்துப்போதல், கொப்புளம், நாற்றமுள்ள சீழ். இதில் எது இருந்தாலும் அது சாதாரண வலி இல்லை. நுரையீரலுக்குப் போன ரத்தக்கட்டியாக இருக்கலாம், குடலில் துளை விழுந்திருக்கலாம், கிருமி பரவியிருக்கலாம். மூச்சும் நெஞ்சும் சம்பந்தப்பட்டது என்றால் முதலில் 108, அப்புறம்தான் டாக்டருக்குப் போன். தஞ்சாவூர், திருவாரூர் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி எது கிட்டே இருக்கிறதோ அங்கே போங்கள்.

போனதும் "லைபோசக்ஷன் செய்திருக்கிறோம், இத்தனை நாள் ஆகிறது" என்று தெளிவாகச் சொல்லுங்கள். வெட்கப்பட்டு "ஹெர்னியா ஆபரேஷன்" என்று சொல்பவர்களைப் பார்த்திருக்கிறேன். டியூட்டி டாக்டர் வேறு எதையோ தேடிக்கொண்டிருப்பார், நேரம் போய்க்கொண்டிருக்கும். ஊருக்கெல்லாம் சொல்ல வேண்டாம். கணவனோ அக்காவோ தோழியோ, கூட இருக்கப்போகும் ஒருவருக்காவது முழு விஷயமும் தெரிந்திருக்க வேண்டும். வீட்டில் ஒருவருக்கும் தெரியாமல் செய்துகொள்ள நினைத்தால், தயவுசெய்து இப்போதைக்கு வேண்டாம்.

இனி, டாக்டர்

நீடாமங்கலம் பக்கத்து அக்கா ஒருவர் எங்களிடம் காய்ச்சலோடு வந்து சேர்ந்தார். ஒரு சின்ன கிளினிக்கில் மாதத்துக்கு ஒருமுறை வெளியூரிலிருந்து வந்து செய்துவிட்டுப் போகிற டாக்டரிடம் செய்துகொண்டிருந்தார். வயிற்றின் ஒரு பக்கம் சிவந்து கொதித்தது. அந்த கிளினிக்குக்குப் போன் செய்தால், பேக்கேஜ் விற்ற பெண் எடுத்து, "டாக்டர் அடுத்த மாதம் வருவார், வீடியோ அனுப்புங்கள்" என்றார். அக்காவின் கையில் டிஸ்சார்ஜ் சம்மரி இல்லை. எத்தனை லிட்டர் எடுத்தார்கள், என்ன ஆன்டிபயாட்டிக் போட்டார்கள், எதுவும் தெரியாது. அவர் கணவர் போனைக் கையில் வைத்துக்கொண்டு எங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நல்லவேளை, பிழைத்துவிட்டார். ஆனால் எனக்கு அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. வந்து போகிற டாக்டர் என்பதாலேயே அவர் கெட்டவர் என்று சொல்லவில்லை. அவர் போன பிறகு உங்களைப் பார்த்துக்கொள்ளப்போகும் சர்ஜன் யார், அவர் பெயர் என்ன, அவரை ஆபரேஷனுக்கு முன்னால் நேரில் பார்க்க முடியுமா? இதற்குப் பதில் இல்லையென்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

படிப்பிலிருந்து ஆரம்பியுங்கள். எம்.பி.பி.எஸ்., அதற்குமேல் எம்.எஸ். பொது அறுவை சிகிச்சை, அதற்குமேல் மூன்று வருஷம் எம்.சிஎச். பிளாஸ்டிக் சர்ஜரி, அல்லது அதற்குச் சமமான டி.என்.பி. (இப்போது டிஆர்.என்.பி.) பட்டம். இதுதான் பிளாஸ்டிக் சர்ஜனின் படிப்பு. பயிற்சி பெற்ற தோல் மருத்துவர்கள் சிலர் அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்து சின்ன அளவில் செய்வதுண்டு. ஆனால் சில வாரப் பயிற்சிச் சான்றிதழ்களும், பெயருக்குப் பின்னால் வரிசையாக நிற்கும் ஃபெலோஷிப் எழுத்துகளும் சர்ஜரி பட்டம் ஆகாது. பல் டாக்டரோ சலூன் நடத்துகிறவரோ இதைச் செய்யக் கூடாது.

பிரிஸ்கிரிப்ஷனிலும் ரசீதிலும் டாக்டரின் பதிவு எண் இருக்க வேண்டும் என்பது விதி. அந்த எண்ணை எடுத்து தேசிய மருத்துவ ஆணையத்தின் இணையதளத்தில் இருக்கும் இந்திய மருத்துவப் பதிவேட்டில் போட்டுப் பாருங்கள். தமிழ்நாடு மருத்துவ கவுன்சிலின் தளத்திலும் தேடலாம். பெயர், படிப்பு, வருஷம் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். எம்.பி.பி.எஸ். மட்டும் காட்டி மேல்படிப்பு காட்டவில்லை என்றால் சான்றிதழைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். பெரியவர்களிடம் எப்படிக் கேட்பது என்று நம் ஊரில் தயங்குகிறார்கள். மாடு வாங்கப் போனால் பல்லைப் பிடித்துப் பார்க்கிறோம். மரியாதையாகக் கேட்டால் நல்ல டாக்டர் கோபித்துக்கொள்ள மாட்டார். நான் வேலை பார்த்த சர்ஜன்கள் கேட்பதற்கு முன்பே சொல்வார்கள்.

அடுத்து, மயக்க மருந்து டாக்டர். இதை யாருமே கேட்பதில்லை. யார் கொடுக்கிறார், அனஸ்தீசியாவில் முறையாகப் படித்தவரா, ஆபரேஷன் முடியும்வரை பக்கத்திலேயே இருப்பாரா? 2016-ல் சென்னையில் முடி நடும் சிகிச்சைக்குப் போன மருத்துவ மாணவர் ஒருவர் இறந்துபோனார். 2022 மே மாதம் பெங்களூருவில் கொழுப்பு நீக்கும் ஆபரேஷனுக்குப் போன 21 வயது நடிகை இறந்துபோனார். அழகுக்காகச் செய்வது என்பதால் அது சின்ன விஷயம் ஆகிவிடாது. ஆக்சிஜன், மானிட்டர், இதயத்துக்கு ஷாக் கொடுக்கும் கருவி, ஐ.சி.யு. எல்லாம் அந்தக் கட்டடத்திலேயே இருக்கிறதா என்று கேளுங்கள். ஐ.சி.யு. இல்லையென்றால் எந்த ஆஸ்பத்திரிக்கு மாற்றுவார்கள், போக எவ்வளவு நேரம்? தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் சட்டப்படி பதிவு செய்த சான்றிதழ் வரவேற்பறையில் மாட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

எத்தனை லிட்டர் எடுப்பார்கள் என்று கேளுங்கள். 5 லிட்டருக்கு மேல் போனால் அது பெரிய அளவு. நீர் இழப்பும் ஆபத்தும் கூடும், ராத்திரி முழுக்கக் கண்காணிக்க வேண்டும். "வயிறு, தொடை, கை, முதுகு எல்லாம் ஒரே நாளில்" என்று ஆஃபர் கொடுக்கும் இடத்தைவிட, "இரண்டு தடவையாகச் செய்யலாம்" என்கிற இடத்தை நான் நம்புவேன். "உங்களுக்கு இது வேண்டாம், மூன்று மாதம் நடந்துவிட்டு வாருங்கள்" என்று திருப்பி அனுப்பும் டாக்டரை அதற்கும் மேலே நம்புவேன். இன்றே அட்வான்ஸ் கட்டினால் தள்ளுபடி என்று அவசரப்படுத்தினால் கட்டாதீர்கள்.

முதல் நாள் யார் உங்களோடு உட்கார்ந்து பேசினார் என்பதையும் கவனியுங்கள். சர்ஜனே வயிற்றைத் தொட்டுப் பார்த்து, படுக்க வைத்து, இருமச் சொல்லி குடலிறக்கம் (ஹெர்னியா) இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தெரியாத குடலிறக்கத்தின் மேல் குழாய் போனால் குடலில் துளை விழும். கவுன்சிலர் மட்டும் பேசி, சர்ஜனை தியேட்டரில்தான் பார்ப்பீர்கள் என்றால் அந்த இடம் வேண்டாம்.

பணத்தில் ஒளிவு மறைவு இல்லாமல் எழுதி வாங்குங்கள். அழகுக்கான ஆபரேஷனை மருத்துவக் காப்பீடு ஏற்காது, ஜிஎஸ்டியும் உண்டு. சொன்ன தொகையில் மயக்க மருந்து, கார்மென்ட், ராத்திரி தங்குவது, செக்கப் எல்லாம் அடங்குமா? நீர் கட்டினால், திருத்தம் தேவைப்பட்டால் யார் செலவு? சிக்கல் வந்து ஐ.சி.யு.வில் சேர்த்தால் அந்தச் செலவையும் காப்பீடு ஏற்காமல் போகலாம். அதற்கென்று கொஞ்சம் பணம் ஒதுக்கி வைக்க முடியாதவர்கள் கடன் வாங்கிச் செய்துகொள்வதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

தேதி குறித்த பிறகு

சிகரெட், பீடி, புகையிலை எதுவாக இருந்தாலும் நாலு வாரம் முன்பே நிறுத்துங்கள், பின்னாலும் நாலு வாரம் வேண்டாம். தோலுக்கு ரத்த ஓட்டம் குறைந்து அழுகிப்போகும் ஆபத்து அதில் இருக்கிறது. ஆஸ்பிரின், மீன் எண்ணெய், பூண்டு மாத்திரை, வலி மாத்திரைகள், கருத்தடை மாத்திரை பற்றி டாக்டரிடம் சொல்லி, அவர் சொல்கிறபடி நிறுத்துங்கள். இதய நோய்க்காக ஆஸ்பிரின் சாப்பிடுகிறவர்கள் தாங்களாக நிறுத்தவே கூடாது. ஹீமோகுளோபின், சர்க்கரை, ரத்தம் உறையும் நேரம், இசிஜி எல்லாம் எடுப்பார்கள். ரத்தசோகை இருந்தால் அதைச் சரிசெய்த பிறகுதான் ஆபரேஷன்.

ஒப்புதல் படிவத்தைத் தமிழில் கேளுங்கள். புரியாத ஆங்கிலத்தில் கையெழுத்து வாங்கினால், வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படித்துவிட்டு வருகிறேன் என்று சொல்லுங்கள். தியேட்டர் வாசலில் ஸ்ட்ரெச்சரில் படுத்தபடி கையெழுத்து போடும் நிலை வரக் கூடாது. உங்கள் போட்டோவை விளம்பரத்துக்குப் பயன்படுத்தும் வரி அதில் இருந்தால், விருப்பமில்லாவிட்டால் அடித்துவிடுங்கள். உங்கள் சம்மதம் இல்லாமல் அவர்கள் போட முடியாது.

வீட்டுக்குக் கிளம்பும்போது டிஸ்சார்ஜ் சம்மரியில் எந்தெந்த இடம், எவ்வளவு கரைசல் ஏற்றினார்கள், எவ்வளவு எடுத்தார்கள், என்ன மருந்துகள், அடுத்த செக்கப் தேதி, ராத்திரி கூப்பிட வேண்டிய டாக்டரின் நேரடி எண் எல்லாம் இருக்கிறதா என்று வாசித்துப் பாருங்கள். அந்த எண்ணுக்கு அங்கேயே ஒருமுறை அடித்து யார் எடுக்கிறார் என்று பார்த்துவிடுங்கள். சம்மரியைப் போட்டோ எடுத்து, உங்கள் போனிலும் கூட இருப்பவர் போனிலும் வையுங்கள். முழு கேஸ் ஷீட் வேண்டுமென்றால் எழுத்தில் கேளுங்கள். கேட்ட 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்று மருத்துவ நெறிமுறை விதி 2002-லிருந்தே இருக்கிறது.